பின்வளவில் ஜப்பானிய மேப்பிள்: எந்த வகை, எந்த இடம்?

முருங்கைப்பூ, ஸ்காபரோ

அனைவருக்கும் வணக்கம். இங்கே கனடாவில் எங்கள் பின்வளவில் நெடுங்காலமாக நின்ற நோர்வே மேப்பிளின் நடுத்தண்டு கோறையாகிப் பிளந்துவிட்டதால், மாநகராட்சியின் அனுமதி பெற்றுச் சென்ற இலையுதிர்காலத்தில் அதை வெட்டுவித்தோம். அடிக்கட்டையையும் அரைத்தெடுத்தாயிற்று. இப்போது குசினி யன்னலால் பார்த்தால் அயல்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. அந்த வெறுமையை நிரப்புவதற்கு, இலை சிவந்து நிற்கும் ஜப்பானிய மேப்பிள் ஒன்றை இந்த வசந்தத்தில் நடலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

மனதில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, கிழக்கு வேலியோரமாக ஆண்டுதோறும் தக்காளி, கத்தரி, மிளகாய் பயிரிட்டுவரும் பாத்தி. மாட்டெருவும் கூட்டெருவும் போட்டுப் போட்டு அந்த மண் கறுத்துப் பொலபொலவென்று இருக்கிறது. மரத்துக்கு அதைவிட நல்ல மண் கிடைக்காது என்பது மாமாவின் கருத்து. மற்றையது, வீட்டின் முன்புறத்தில், மேற்குப் பார்த்த புல்தரையில், வாகனப் பாதையை ஒட்டிய இடம். அங்கே நட்டால் தெருவில் போவோர் வருவோர் கண்ணில் படும் என்பது வீட்டில் மற்றவர்களின் விருப்பம். ஒரே உயரமுள்ள கன்றுகளின் விலை நர்சரிகளில் மூன்று மடங்கு வரை வேறுபடுவதற்கான காரணமும் விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கறுத்தக்கொழும்பான், மார்க்கம்

தங்கச்சி, வகையையும் விலையையும் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த இரண்டு இடங்களையும் விட்டுவிடுங்கள்.

மாமா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, மண் நல்ல மண்தான். ஆனால் அதில் விளைந்த பயிர்கள்தான் சிக்கல். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகிய நான்கும் வேர்ட்டிசிலியம் என்ற மண்வழிப் பூஞ்சைக்கு இடங்கொடுக்கும் பயிர்கள். ஸ்ட்ரோபெரியும் அப்படித்தான். அந்தப் பூஞ்சை வேரின் வழியே நுழைந்து, நீரை மேலே கொண்டுசெல்லும் குழாய்களுக்குள் வளர்ந்து அவற்றை அடைத்துவிடும். பயிர் எதுவும் இல்லாத காலத்திலும் மிக நுண்ணிய கறுப்பு மணிகளாக மண்ணில் பத்தாண்டுக்கு மேல் உறங்கிக்கிடக்க வல்லது. தக்காளி விதைப் பொதிகளில் வகையின் பெயருக்குப் பின்னால் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து அச்சிட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்; இந்த நோயைத் தாங்கும் வகை என்பதற்கான குறி அது. அத்தகைய வகையையே தொடர்ந்து நட்டுவந்தால் செடி வாடாது, ஆகவே மண்ணில் பூஞ்சை இருப்பதும் தெரியவராது. மேப்பிளை நட்ட பிறகுதான் அது வெளிப்படும்.

நோய் வரும் விதமும் ஏமாற்றக்கூடியது. நடுக்கோடையில் ஒரே ஒரு கிளையின் இலைகள் மட்டும் துவண்டு, உதிராமல் அப்படியே காய்ந்து தொங்கும். மற்றக் கிளைகள் ஒன்றும் அறியாததுபோல் நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவோம். அந்தக் கிளையைச் சாய்வாக வெட்டிப் பார்த்தால், பட்டைக்கு உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய மரப்பகுதியில் பாசிநிறத்தில் அல்லது பழுப்பில் கோடுகள் ஓடியிருக்கும். இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. பட்ட கிளையை நீக்கி, அளவாகத் தண்ணீர் விட்டு, மரம் தானாகத் தேறுகிறதா என்று காத்திருக்கலாம், அவ்வளவே. நம்மவர் வளவுகளில் மரக்கறிப் பாத்தியும் அலங்கார மரமும் அடுத்தடுத்து இருப்பது வழக்கமாகிவிட்டதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

முன்புறத்தைப் பற்றி இரண்டே வார்த்தை: உப்பும் மேற்கு வெயிலும். பனிக்காலத்தில் வாகனப் பாதையில் தூவும் உப்பு உருகும் பனியோடு வேர்ப்பகுதிக்குள் இறங்கும். அதைத் தாங்கும் மரங்கள் சில உண்டு, இது அவற்றில் ஒன்றல்ல. யூலை மாதப் பிற்பகலில் தார்த்தளத்திலிருந்து எழும் அனல் இலைவிளிம்புகளைக் கருக்கிவிடும். ஜனவரியில் வடமேற்குக் காற்று நுனிக்கிளைகளை உலர்த்திவிடும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் காற்றுமறைவும் உள்ள, தண்ணீர் தேங்காத இடம் உங்கள் வளவில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். நோர்வே மேப்பிளும் இதே வாடல் நோய்க்கு ஆளாகும் மரம். உங்கள் பழைய மரம் கிளை கிளையாகப் பட்டுவந்ததா, அல்லது கோறை ஒன்றுதான் காரணமா?

முருங்கைப்பூ, ஸ்காபரோ

மிக்க நன்றி அண்ணா. கிளைகள் தனித்தனியாகப் படவில்லை. கடைசிக் கோடை வரை மரம் நிறைந்த இலையோடுதான் நின்றது. வெட்டிய கிளைகளின் உள்ளேயும் கோடுகள் எதையும் நாங்கள் காணவில்லை.

நீங்கள் சொன்ன குணங்களோடு பார்த்தால் வடகிழக்கு மூலை ஒன்று இருக்கிறது. கொட்டிலும் அயல்வீட்டு வேலியும் சேரும் இடம் அது. வீட்டின் நிழல் பிற்பகலில் அங்கே விழுகிறது; குசினி யன்னலுக்கும் நேராக இருக்கிறது. மரக்கறிப் பாத்தி அங்கிருந்து வளவின் மறுமுனையில். பழைய மரம் நின்ற இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மீற்றர் தள்ளி. மண் மட்டும் களிமண். வசந்தத்தில் காலணியோடு ஒட்டிக்கொள்ளும்.

தேமா, ஏஜாக்ஸ்

அந்த மூலை பொருத்தமாகத்தான் தெரிகிறது. வகைகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஜப்பானிய மேப்பிளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நம் கடைகளில் கிடைப்பவை அவற்றில் ஒரு கைப்பிடியே. நிமிர்ந்து வளரும் சிவப்பு என்றால் பெரும்பாலும் ‘பிளட்குட்’ என்ற வகையைக் காட்டுவார்கள். நாலைந்து மீற்றர் உயரம் வரும், கோடை முழுவதும் நிறம் பெரிதாக மங்காது, குளிரையும் நன்றாகத் தாங்கும். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் ‘எம்பரர் வன்’ என்பதை நான் ஒரு படி மேலாகச் சொல்வேன். அது வசந்தத்தில் பிந்தித் துளிர்ப்பதால் மே மாதத்தில் திடீரென்று வரும் உறைபனிக்கு இளந்தளிரைப் பறிகொடுப்பது குறைவு. ‘கிரிம்சன் குயின்’, ‘தாமுக்கேயாமா’ ஆகியவை சல்லடை இலையோடு தாழப் படர்ந்து, கிளைகள் தரையை நோக்கித் தொங்கும் வகைகள். மிக அழகானவை, ஆனால் நுண்ணிய இலை என்பதால் வெயிலிலும் காற்றிலும் முதலில் கருகுவதும் அவைதான். யன்னலிலிருந்து ஒரு சுவரை மறைப்பது உங்கள் நோக்கம் என்றால் அவற்றின் உயரம் போதாது.

சிவப்பு வகைகளுக்கு ஓரளவு வெயில் வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. முழு நிழலில் அவை சாகமாட்டா, ஆனால் சிவப்பு வெளுத்துப் பச்சை கலந்த செம்பு நிறமாகிவிடும். காலையில் நாலு மணித்தியால வெயிலாவது அந்த மூலைக்குக் கிடைக்கிறதா என்று ஏப்ரலில் அல்ல, அயல்மரங்கள் இலைவிட்ட பிறகு பாருங்கள். கிடைக்காவிட்டால் கோடையில் பச்சையாக இருந்து இலையுதிர்காலத்தில் கனலாகச் சிவக்கும் ‘ஓசாகாசூக்கி’ போன்ற வகையே மேல். என் கண்ணுக்கு அதுதான் எல்லாவற்றிலும் சிறந்த சிவப்பு. கோடை முழுவதும் சிவந்து நிற்கும் மரத்தைக் கண் பழகிவிடும். ஒக்ரோபரில் ஒரு கிழமைக்குள் நிறம் மாறும் மரத்தை யாரும் பழகிக்கொள்ள முடியாது. அந்த இலையில் சிவப்பு நிறமி முன்பே ஒளிந்திருக்கவில்லை. இரவுகள் குளிர்ந்து, இலையில் சர்க்கரை தேங்கும்போது அந்தோசயனின் என்ற அந்த நிறமி புதிதாக உருவாகிறது. வெயிலான பகலும் உறையாத குளிர் இரவும் தொடர்ந்து வாய்க்கும் ஆண்டுகளில் நிறம் ஆழமாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

வடக்கே குளிர் கூடிய பரி, ஒரில்லியா நகரங்களின் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்தால், கொரிய மேப்பிளைத் தேடுங்கள். இலை ஏறக்குறைய இதேதான். குளிரைத் தாங்கும் வலு கூடுதல்.

விலைக்கு வருவோம். பெயருள்ள வகைகள் பெரும்பாலும் ஒட்டுக் கன்றுகள். விதையில் முளைத்த பச்சைக் கன்றின் வேர்த்தண்டில் வேண்டிய வகையின் குச்சியை ஒட்டி, நர்சரியில் சில ஆண்டுகள் வளர்த்துத் தருகிறார்கள். மெதுவாக வளரும் மரம் என்பதால் நீங்கள் விலை கொடுப்பது அந்த ஆண்டுகளுக்குத்தான். மலிவாகக் கிடைப்பவை பல நேரங்களில் சிவப்பு மரத்தின் விதையில் முளைத்தவை. அவை தாய்மரத்தைப் போல இருக்கும் என்ற உறுதி கிடையாது. ஒட்டுக் கன்றில் ஒட்டுக்குக் கீழிருந்து பச்சைத் தளிர் கிளம்பினால் அதை உடனே அடியோடு கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் வேகமாக வளரும் அந்தப் பச்சை மேலே இருக்கும் சிவப்பை மேவிவிடும். ‘எங்கள் மரம் நிறம் மாறிவிட்டது’ என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

இந்த மரத்தை ஐரோப்பிய அறிவியலுக்கு அறிமுகப்படுத்தி 1784 இல் நூலாக வெளியிட்ட கார்ல் பீட்டர் தூன்பெரி என்ற சுவீடன் நாட்டு மருத்துவர், ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில் இலங்கையிலும் சில மாதங்கள் தங்கித் தாவரங்கள் சேகரித்தவர். விவாதத்துக்குத் தொடர்பில்லை, சொல்லாமல் விட மனம் வரவில்லை.

செம்பாட்டான், பிரம்ப்டன்

நான் மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். எல்ம் மரங்கள் நோயில் அழிந்த பிறகு, வேகமாக வளரும், எதையும் தாங்கும் என்று சொல்லித்தான் நோர்வே மேப்பிளைத் தெருத் தெருவாக நட்டார்கள். இன்று அதன் விதைகள் பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் பறந்து, அடர்ந்த நிழலால் நாட்டுமரக் கன்றுகளை வளரவிடாமல் செய்கின்றன. அமூர் மேப்பிளும் அதே குற்றவாளிதான். வெளிநாட்டு மரம் ஒன்று போன இடத்தில் இன்னொன்றை ஏன் நட வேண்டும்? பறவைகளுக்குப் பழமும் தேனீக்களுக்குப் பூவும் தரும் செர்விஸ்பெரி போன்ற நாட்டுமரம் ஒன்றை நட்டால், அதுவும் சிறு வளவுக்கு அளவான மரம்தான், இலையுதிர்காலத்தில் அதுவும் சிவக்கும்.

நடுவதென்றே முடிவு செய்தால் கடையில் சீட்டைப் பார்த்து வாங்குங்கள். ‘சிவப்பு மேப்பிள்’ என்று கேட்டால் மூன்று வேறு மரங்களைக் காட்டக்கூடும். ‘கிரிம்சன் கிங்’ என்பது சிவந்த இலையுள்ள நோர்வே மேப்பிள். நீங்கள் வெட்டியதையே திரும்ப நட்டதாகிவிடும். ஏசர் ரூப்ரம் என்று எழுதியிருந்தால் அது நாட்டுமரம், கோடையில் பச்சை, வளர்ந்தால் இரண்டு மாடி வீட்டைத் தாண்டும். ஏசர் பல்மாட்டம் என்று எழுதியிருப்பதே இங்கே பேசப்படுவது.

தேமா, ஏஜாக்ஸ்

செம்பாட்டான் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெரிய வளவில் ஒரேயொரு மரம் நடுவதானால் நானும் நாட்டுமரத்தையே சொல்வேன். ஆனால் ஜப்பானிய மேப்பிள் நம் பகுதியில் நோர்வே மேப்பிளைப் போலக் காட்டுக்குள் படையெடுத்த மரமல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியாகாது. கேட்டவருக்கு வேண்டியது யன்னலுக்கு எதிரே ஒரு சிறு மரம். செர்விஸ்பெரியை மரக்கறிப் பாத்தியின் மறுபக்க வேலியோரம் நட்டால் இருவர் விருப்பமும் நிறைவேறும்.

கறுத்தக்கொழும்பான், மார்க்கம்

இனி நடும் முறை. பெரும்பாலான மரங்களின் தலைவிதி அன்று அரை மணித்தியாலத்துக்குள் முடிவாகிவிடுகிறது. கடைசியில் பழி பனிக்காலத்தின் மேல் விழுகிறது.

தோண்டுவதற்கு முன் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவியுங்கள். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று நிலத்தில் குறியிட்டுத் தருவார்கள். சட்டப்படி கட்டாயம், கட்டணம் இல்லை. குறியிட்டு முடிக்கச் சில நாள்கள் எடுக்கும் என்பதால் கன்று வாங்கும் முன்பே அறிவித்துவிடுவது நல்லது. வேலியோரமானபடியால் தண்டு எல்லைக்கோட்டிலிருந்து நன்றாக உள்ளே இருக்கட்டும். ஒன்ராறியோவில் எல்லைக்கோட்டில் நிற்கும் மரம் இரு வீட்டாருக்கும் பொதுச்சொத்து. பின்னாளில் அதை வெட்டுவதற்கு அயலவரின் சம்மதம் வேண்டியிருக்கும்.

குழி ஆழமாக இருக்கத் தேவையில்லை, அகலமாக இருக்க வேண்டும். வேர்க்கட்டியின் உயரமே ஆழம். அகலம் அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல். களிமண்ணில் குழியின் பக்கங்கள் மண்வெட்டி பட்டு வழுவழுவென்று மெழுகியதுபோல் ஆகிவிடும். அந்தச் சுவரை வேர் துளைக்காது, குழிக்குள்ளேயே சுற்றும். ஆகவே தோட்ட முள்கரண்டியால் பக்கங்களைக் கீறிவிடுங்கள். குழிக்குள் மட்டும் கடை மண்ணையும் எருவையும் நிரப்புவது பலர் செய்வது, நான் அதற்கு எதிரி. சுற்றிலும் களி, நடுவில் பொருபொருத்த மண் என்றால் மழைநீர் முழுவதும் அந்தக் குழிக்குள் இறங்கித் தேங்கும். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு, வேர்க்கட்டியின் மேல்மட்டம் சுற்றுத் தரையைவிட ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும்படி மேடாக நட்டு, மண்ணை மெல்லச் சரிவாக அணையுங்கள். எருவும் இலைமக்கும் மேலே போடுவதற்கானவை.

அடுத்தது முக்கியமானது. தொட்டியிலிருந்து எடுத்தவுடன் தண்டு வேராக விரியும் இடத்தைத் தேடுங்கள். நர்சரியில் தொட்டி மாற்றி மாற்றி வைத்ததில் அந்த இடம் மண்ணுக்குள் ஒரு சாண் புதைந்திருப்பது சாதாரணம். விரலால் மேல்மண்ணை விலக்கி, அது வெளியே தெரியும் மட்டத்தில் நட வேண்டும். கூடவே, தண்டைச் சுற்றி வளைந்திருக்கும் வேர்களைப் பார்த்து வெட்டிவிட வேண்டும். அவற்றை அப்படியே விட்டால், தண்டும் வேரும் பருத்துப் பருத்துப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மரம் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். அந்த நாளில் யாருக்கும் காரணம் விளங்காது.

நட்ட பிறகு மரத்தூளோ இலைமக்கோ ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றர் தடிப்பில் மூடாக்காக இடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக இருக்கட்டும். தண்டோடு குவித்துவைத்தால் பட்டை அழுகும், எலிக்கும் வீடாகும். முதல் இரண்டு மூன்று கோடைக்கு, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து உலர்ந்திருந்தால் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தினமும் தெளிப்பதைவிடக் கிழமைக்கு ஒன்றிரண்டு முறை நிறைய விடுவது மேல். முதல் ஆண்டு செயற்கை உரம் வேண்டாம். பிற்கோடையில் தழைச்சத்து எந்த ஆண்டும் வேண்டாம், ஏனெனில் அப்போது வரும் இளங்கிளை முற்றுவதற்கு முன் பனிக்காலம் வந்துவிடும்.

பழைய மரத்தின் அடிக்கட்டையை அரைத்த தூளை இந்தக் குழிக்குள் கலந்துவிடாதீர்கள். அது உக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மேலே மூடாக்காகப் போடலாம்.

ஈரநிலம், ஹரோ

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்த மரம் ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் இருக்கிறது. குளொஸ்ரஷயர் மாவட்டத்தில் வெஸ்ற்றன்பேர்ட் மரத்தோட்டத்துக்கு ஒக்ரோபரில் ஒருமுறை போய்வந்தவர்கள் வீடு திரும்பும் வழியிலேயே கன்று வாங்கிவிடுவார்கள். கிளை நறுக்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? இங்கே அரச தோட்டக்கலைச் சங்கம் நவம்பர் முதல் பெப்ரவரி வரை, மரம் முழு உறக்கத்தில் இருக்கும்போது நறுக்கச் சொல்கிறது. பிந்தினால் வெட்டுவாயிலிருந்து சாறு வடியும்.

கறுத்தக்கொழும்பான், மார்க்கம்

தம்பி சொல்வது லண்டனுக்குச் சரி. அதை அப்படியே ஒன்ராறியோவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் ஜனவரியில் வெட்டுவாய் உறைவது அரிது. இங்கே அதே ஜனவரியில் வெட்டினால், சுற்றியுள்ள பட்டை மாதக்கணக்காகக் குளிரில் உலர்ந்து பின்வாங்கும், எந்த நுனி பனிக்குப் பட்டுப்போகும் என்பதும் அப்போது தெரியாது. பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, இரவில் உறைந்து பகலில் உருகும் நாள்களில், மேப்பிளில் சாறு ஓடும். சீனி மேப்பிளில் துளையிட்டுப் பாகு காய்ச்சுபவர்கள் நாற்பது லீற்றர் சாற்றுக்கு ஒரு லீற்றர் பாகு எடுப்பது அந்தக் கிழமைகளில்தான். சாறு வடிவதால் மரம் செத்துவிடாது, ஆனாலும் வலிந்து செய்ய வேண்டியதில்லை.

நான் சொல்வது இரண்டு கட்டம். மே கடைசியில் துளிர்விட்ட பிறகு, பட்டுப்போன நுனிகளை மட்டும் உயிருள்ள மொட்டுவரை நீக்குங்கள். உருவம் திருத்தும் வேலையை இலை முற்றிய பிறகு, யூன் கடைசியிலோ யூலையிலோ, வெப்ப அலை இல்லாத ஒரு காலையில் செய்யுங்கள். எங்கே வெட்டுவது என்பதைவிட எதை வெட்டுவது என்பதற்கே நேரம் எடுக்க வேண்டும்: ஒன்றையொன்று உரசும் கிளைகள், உள்நோக்கித் திரும்பும் கிளைகள், பிறகு போதும். கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும் பகுதியை வெட்டாமல் அதற்குச் சற்று வெளியே வெட்டினால் காயம் தானாக மூடும். வெட்டுவாயில் பூசும் கறுப்புப் பூச்சுக்கு அவசியமில்லை. தலையைச் சமமாகக் கத்தரித்து உருண்டையாக்குவோரையும் பார்த்திருக்கிறேன். அதற்கு இவ்வளவு விலை கொடுத்து மேப்பிள் வாங்கியிருக்கத் தேவையில்லை.

ஈரநிலம், ஹரோ

விளங்கிக்கொண்டேன் அண்ணா. உரசும் கிளைகளை அடையாளங்காண இலையில்லாத காலமே வசதி என்பதால், பனிக்காலத்தில் நாடா கட்டி வைத்துவிட்டு யூலையில் வெட்டலாம் என்று கனடாவில் இருப்பவர்களுக்குச் சொல்வேன்.

கறுத்தக்கொழும்பான், மார்க்கம்

நல்ல யோசனை. நானும் செய்துபார்க்கிறேன்.

வடலி, சென்னை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இணையக் கடை ஒன்றில் நீல நிறம், ஊதா நிறம் என்று ஜப்பானிய மேப்பிள் விதைகளை வாங்கினேன். ஈரத் துணியில் சுற்றி வைத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. சென்னையில் இதை வளர்க்க வழி உண்டா?

தேமா, ஏஜாக்ஸ்

நீல மேப்பிள் என்று ஒரு மரமே இல்லை. படத்தின் நிறத்தை மாற்றி விற்கிறார்கள். உண்மையான விதையாகவே இருந்தாலும், ஈர மணலோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு மாதம் வைத்த பிறகே முளைக்கும். முளைத்தாலும் சென்னையில் நிலைக்காது. ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்த்துப் பல கிழமை குளிரில் உறங்கியெழ வேண்டிய மரம் இது. ஜனவரி இரவிலும் இருபது பாகையை ஒட்டியே நிற்கும் ஊரில் அந்த உறக்கம் கிடைக்காது. உதகை போல உறைபனி விழும் மலையூரில் உங்களுக்கு உறவினர் இருந்தால் அங்கே முயன்று பார்க்கலாம்.

பனங்கூடல், வன்கூவர்

இங்கே மழையும் மிதமான குளிரும் என்பதால் இந்த மரம் தானாகவே வளர்கிறது. பல்கலைக்கழக வளாகத்திலுள்ள நித்தோபே என்ற ஜப்பானியத் தோட்டத்தில் இவை எப்படி நடப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனித்தால், நடுவது பாதி வேலை என்று தெரியும். அங்கே பெரும்பாலும் மரத்துக்குப் பின்னால் கடும்பச்சை இருக்கும். ஊசியிலை மரமோ உயரமான செடிவேலியோ. சிவந்த இலையைச் சிவப்புச் செங்கல் சுவருக்கு முன்னால் நட்டால் அது காணாமல் போய்விடும். முருங்கைப்பூ, உங்கள் அயலவர் சுவர் எந்த நிறம் என்று சொல்லவில்லை. செங்கல் என்றால் கொட்டிலின் பக்கம் கொஞ்சம் நகர்த்தி நடுங்கள். காலை வெயில் இலைகளை ஊடுருவி உங்கள் யன்னலை நோக்கி வரும்படி அமைந்துவிட்டால் அதற்கு மேல் வேறொன்றும் தேவையில்லை.

அடியில் புல்தரை வேண்டாம். வேர் மேலோட்டமாகவே படரும், புல் வெட்டும் இயந்திரம் தண்டில் இடிக்கும். ஹொஸ்ரா, பன்னம், வசந்தத்தில் பூக்கும் சிறு கிழங்குச் செடிகள் ஆகியவை அந்த அரைநிழலில் நன்றாக வரும். அவற்றையும் மரத்தோடு ஒரே நாளில் நட்டுவிடுங்கள். பிறகு தோண்டினால் வேர் அறுபடும்.

தொட்டியில் வளர்க்க எண்ணுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த மரத்தின் கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. நிலத்துக்குள் இருக்கும் வேருக்கு மண் போர்வை; தொட்டிக்குள் இருக்கும் வேர் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையை நெருங்கும்போதே சாகத் தொடங்கும். எங்கள் ஊரில் தொட்டியை வெளியே விடலாம், ரொறன்ரோவில் டிசம்பர் முதல் வெப்பமூட்டாத கராஜுக்குள் வைத்து, மண் முற்றாகக் காயாமல் மாதமொருமுறை சிறிது தண்ணீர் விட வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவந்தால் பனிக்காலத்தின் நடுவில் துளிர்த்துவிடும், அது இன்னும் மோசம்.

செம்பாட்டான், பிரம்ப்டன்

நாட்டுமரக் கட்சிக்காரனாக இருந்தாலும், நட்டபின் காப்பாற்றத்தான் வேண்டும். முதல் எதிரி முயல். பனி உயர உயர முயலும் உயரும் என்பதை நம்மவர் கணக்கில் எடுப்பதில்லை. தரையிலிருந்து இரண்டடிக்குக் கம்பிவலை கட்டியிருப்பார்கள், அதன் மேல் விளிம்பில் பனி இறுகியதும் முயல் அதன்மேல் ஏறி நின்று மேலே இருக்கும் பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிடும். வழக்கமாக விழும் பனிக்கு மேலும் இரண்டடி இருக்கட்டும். கீழ்விளிம்பை மண்ணுக்குள் சிறிது புதைத்தால் பனிக்கு அடியில் ஓடும் எலியும் வராது. முதல் இரண்டு பனிக்காலத்துக்கு வடமேற்குப் பக்கமாக நாலு முளை அடித்துச் சாக்குத்துணியைத் திரையாகக் கட்டுங்கள். மரத்தையே பொட்டலமாகச் சுற்றிக் கட்டுவது வேண்டாம், பிளாஸ்ரிக் கூடவே கூடாது.

யூலையில் பச்சை மினுங்கும் செம்பு முதுகு வண்டுகள் இலையைச் சல்லடையாக்கும். ஜப்பானிய வண்டுக்கு ஜப்பானிய மேப்பிள் பிடிக்கும் என்பதில் வியப்பில்லை. விடியற்காலையில் அவை மந்தமாக இருக்கும்போது சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிட்டால் போதும். தொங்கவிடும் பொறிகளை வாங்காதீர்கள். அயல்வளவு வண்டுகளையும் அவை அழைத்துவரும். தண்டில் பென்சில் நுழையும் அளவு வட்டத் துளை கண்டால் மட்டும் விளையாட்டாக எடுக்காமல் தாவரப் பூச்சிகளையும் கண்காணிக்கும் கனடிய உணவுப் பரிசோதனை முகமைக்கு அறிவியுங்கள். 2003 இல் ரொறன்ரோவுக்கும் வோனுக்கும் எல்லையில் கண்டுபிடிக்கப்பட்ட ஆசிய நீள்கொம்பு வண்டு, பல்லாயிரம் மரங்களை வெட்டிய பிறகு 2020 இல்தான் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மேப்பிள் இனமே அதன் முதல் இரை.

முருங்கைப்பூ, ஸ்காபரோ

எல்லோருக்கும் நன்றி. சுவர் வெள்ளைச் சாந்துச் சுவர்தான், ஆகவே மூலையிலேயே நிற்கட்டும். காலை வெயில் போதும் என்று நினைக்கிறேன்; ‘எம்பரர் வன்’ வகையைத் தேடுகிறோம். மாமாவிடம் வாடல் நோயைப் பற்றி வாசித்துக் காட்டினேன். கத்தரிப் பாத்தியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதில் அவருக்கும் மகிழ்ச்சி.

இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. உதிரும் இலைகளைச் சேர்த்து மரக்கறிப் பாத்தியில் போடலாமா? கடையில் இப்போதே இலைவிட்ட கன்றுகள் வந்திருக்கின்றன. ஏப்ரலில் நடலாமா, மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தினம் வரை காத்திருக்க வேண்டுமா?

தேமா, ஏஜாக்ஸ்

நோயில்லாத மரத்தின் இலை என்றால் தாராளமாகப் போடலாம். சிறிய இலை என்பதால் நோர்வே மேப்பிளின் இலையைப் போல ஒன்றின்மேல் ஒன்று பாயாக ஒட்டாமல் விரைவில் உக்கும். ஒசாக்காவுக்கு அருகே மினோ என்ற ஊரில் இந்த இலையை ஓராண்டுக்கு மேல் உப்பில் ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்து விற்கிறார்கள்; நம் வாழைக்காய்ப் பஜ்ஜிக்குப் போட்டியாக வராது என்றே நினைக்கிறேன். ஒரு கிளை வாடி, காரணம் தெரியாமல் இருந்தால் அந்த ஆண்டு இலையைப் பாத்திக்குக் கொண்டுபோக வேண்டாம், மாநகராட்சி தோட்டக்கழிவுக்காக எடுக்கும் பழுப்புப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

கறுத்தக்கொழும்பான், மார்க்கம்

இலைவிட்ட கன்று என்றால் காத்திருங்கள். இங்கே விற்பனைக்கு வருபவற்றில் பல மேற்குக் கரையில் வளர்ந்தவை. அங்கே வசந்தம் முந்தியதால் துளிர்த்துவிட்டன. ஏப்ரலில் வாங்க வேண்டியிருந்தால் தொட்டியோடு கராஜ் வாசலில் வைத்து, பகலில் நிழலில் வெளியே, உறைபனி எச்சரிக்கை உள்ள இரவில் உள்ளே என்று பழக்கி, மே பிற்பகுதியில் நடுங்கள். இன்னும் மொட்டவிழாத கன்று கிடைத்தால் நிலம் இளகி, கையில் பிடித்த மண் உதிரத் தொடங்கியதும் நடலாம். எனக்கு விருப்பம் அதுதான். கடையில் கன்றைத் தெரிவு செய்யும்போது இலையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஒட்டு சேர்ந்த இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஊழியரைக் கேட்டுத் தொட்டியைச் சாய்த்து, அடித்துளைகளால் தடித்த வேர்கள் வெளியே வந்திருந்தால் அந்தக் கன்றை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.